அடுப்பும் ஊசியும் திருப்புளியும்

மேகமலை என்றதும் எல்லோருக்கும் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறி வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள், "உங்களுக்கென்னம்மா, சொர்க்கத்திலேயே குடியிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் குக்கர் காஸ்கெட் விரிந்து போனால் என்ன செய்வது? குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? கீழே டவுனில் தெருவுக்கு ஒரு ரிப்பேர் கடை இருக்கும். இங்கே ஒரு வாஷர் வாங்குவதற்குக்கூட பஸ் பிடித்து இறங்க வேண்டும். ஆனி, ஆடி மழையில் பாதையில் மரம் விழுந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே மலையில் குடித்தனம் செய்கிற பெண்ணுக்கு அடுப்பு, ஊசி, திருப்புளி மூன்றும் கைவசம் இருந்தாக வேண்டும். மூன்றுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலையில் இல்லாத சகோதரிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பிரயோஜனப்படும்.

நமது நேரம் எங்கே போகிறது?

மத்திய அரசு 2024ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். குழந்தையையும் வயதானவர்களையும் கவனிக்கிற நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. இதில் எவ்வளவு நேரம் உருப்படியான வேலைக்குப் போகிறது, எவ்வளவு நேரம் பழுதான சாமானோடு மல்லுக் கட்டுவதில் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஆவி பிடிக்காத குக்கரில் பருப்பு வேக அரை மணி நேரம் கூடுதல். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வாளி மாற்ற ஒரு நடை. சாயாத கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுக்க ஒரு நடை. நூல் அறுந்து அறுந்து போகிற மிஷினில் பத்து நிமிடத் தையலுக்கு ஒரு மணி நேரம். இப்படியே பொழுது கரைந்துவிடும்.

நான் கண்டுகொண்டது இதுதான்: சமையல், கைவேலை, பழுது பார்ப்பது மூன்றில் முதல் இடம் பழுதுக்குக் கொடுக்க வேண்டும். பழுது சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், மற்ற இரண்டுக்கும் நேரம் தானாக ஒதுங்கும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சமையல் முடித்து, துணி துவைத்து, மிச்ச நேரம் இருந்தால் பழுது என்று வைத்திருக்கிறோம். மிச்ச நேரம் என்று ஒன்று என்றைக்காவது இருந்திருக்கிறதா?

ஒரு நோட்டு போதும்

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை அடுக்களையில் ஆணியில் மாட்டிவையுங்கள். மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நாமே செய்யக்கூடியவை: குக்கர் கைப்பிடி ஆட்டம், குழாய் வாஷர், தாழ்ப்பாள் திருகு, மிஷின் எண்ணெய். இரண்டாவதில் வீட்டு ஆண்கள் கூட நின்றால் செய்யக்கூடியவை: ஏணி ஏறுவது, மேஜை கால் அடிப்பது. மூன்றாவதில் தெரிந்த ஆள்தான் தொட வேண்டும் என்பவை: மின்சாரம், காஸ், கூரை.

ஒரு நாளைக்கு ஒரு பழுது, அவ்வளவுதான். இரண்டு வேண்டாம். பகல் 11 மணிக்கு மேல் ஒரு மணிக்குள் செய்வது நல்லது. வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். கடைக்கு இறங்குகிற நாளில் அந்த நோட்டைப் பார்த்தே சாமான் பட்டியல் எழுதலாம். பழைய வாஷரையும் காஸ்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். "சைஸ் என்னம்மா?" என்று கடைக்காரர் கேட்டால் விழிக்க வேண்டியதில்லை.

நாமே செய்யலாம்

குழாய் வாஷர்: முதலில் மெயின் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்பானரால் மேல் நட்டைக் கழற்றினால் அடியில் தேய்ந்துபோன வாஷர் தெரியும். புதியதை வைத்து மூடினால் தீர்ந்தது. குழாயையே கழற்றி மாட்டுவதானால் மரையின் மேல் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டும். முறுக்குகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து வந்துவிடும்.

வாளி, பிளாஸ்டிக் பைப் விரிசல்: எம்-சீல் போன்ற பூச்சில் இரண்டு துண்டு இருக்கும். இரண்டையும் சம அளவு எடுத்து, ஒரே நிறம் வருகிறவரை பிசைந்து அடைக்க வேண்டும். இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மலையில் அது சுலபமில்லை. அடுப்பு ஓரமாக ஒரு ராத்திரி வைத்துக் காயவிட்டு அப்புறம் பூசுங்கள். சமையல் பாத்திரத்துக்கு இது ஆகாது.

தாழ்ப்பாள்: ஈரத்தில் மரம் உப்பி, கதவு சாயாது. உடனே இழைத்துவிடாதீர்கள், வெயில் காலத்தில் மரம் சுருங்கி இடுக்கு விழும். மெழுகுவர்த்தியை விளிம்பில் தேய்த்துப் பாருங்கள். தாழ்ப்பாள் திருகு மட்டும் எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். யானையும் காட்டு மாடும் நடமாடுகிற மலை இது. 2021ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும்கூட. ராத்திரியில் அடுக்களைக் கதவு திறந்து கிடக்கலாமா?

தொடக் கூடாதவை

தைரியம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. காஸ் ரெகுலேட்டரையும் அடுப்பின் உள் பாகத்தையும் நாம் பிரிக்கக் கூடாது. நாம் செய்யக்கூடியது பரிசோதனை மட்டும்தான். சோப்பு நுரையை ரப்பர் குழாய் இணைப்பில் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுரக்ஷா குழாய்க்கு ஆயுள் ஐந்து வருஷம். தேதி குழாயின் மேலேயே இருக்கும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

மின்சாரத்தில் மெயினை அணைத்துவிட்டு பல்பு மாற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைப் போட்டுவிடுவார்கள் சிலர். ஃபியூஸ் போவதே நம்மைக் காப்பாற்றத்தான். தடித்த கம்பி போட்டால் ஃபியூஸ் போகாது, உள்ளே இருக்கிற ஒயர் எரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிற வீடுகளில் அதைத் துளைக்கவோ, உடைக்கவோ, சுரண்டவோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். தகரக் கூரையானால் பெரும்பாலும் ஒழுகல் போல்ட் ஓட்டையில்தான் இருக்கும். வெயில் அடிக்கும்போது உள்ளே நின்று பார்த்தால் வெளிச்சம் பொட்டாகத் தெரியும். அந்த இடத்துக்கு நேராகச் சாக்பீசால் அடையாளம் போட்டு வையுங்கள். ஆள் வரும்போது தேடி அலைய வேண்டாம். மழைக்கு முன்னால், மாசியிலும் பங்குனியிலும் செய்ய வேண்டிய வேலை இது. பாசி பிடித்த கூரையில் மழை நாளில் யாரையும் ஏற்றாதீர்கள்.

தோட்டக் குடியிருப்புகளில் வீட்டைக் கட்டிக் கொடுப்பதையும் பராமரிப்பதையும் நிர்வாகத்தின் கடமையாக வைத்தது 1951ஆம் ஆண்டு வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆகவே கூரை, சுவர் போன்ற பெரிய வேலைகளை நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்துக் கேட்பதுதான் முறை. அந்த நோட்டு இதற்கும் உதவும்.

மலைச் சமையலின் ரகசியம்

புதிதாகக் கல்யாணமாகி மேலே வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அக்கா, ஊர்ல மூணு விசில்ல வெந்த பருப்பு இங்க ஆறு விசிலுக்கும் முழிச்சு முழிச்சுப் பாக்குதே!" பருப்பின் மேலும் குற்றமில்லை, பெண்ணின் மேலும் குற்றமில்லை. மேகமலை ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சின்னமனூரில் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கிறது, ஆனால் சூடு போதவில்லை. திறந்த பாத்திரத்தில் பருப்பும் பயறும் வேக நெடுநேரம் ஆகும். குக்கரிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

"துவரம் பருப்பை முக்கால் மணி நேரம் ஊறப் போடு தாயி. மொச்சை, கொண்டைக் கடலையை ராத்திரியே ஊறப் போடு" என்றுதான் நான் சொல்வேன். அத்துடன் காஸ்கெட்டைப் பாருங்கள். விரிந்திருந்தால் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். வெடிப்பு விட்டிருந்தால் புதியதுதான். ஆவிக் குழாயை ஊசியால் குத்தி, ஊதிப் பாருங்கள். சேஃப்டி வால்வில் சீக்கிரம் உருகுகிற உலோகம் வைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் வற்றி சூடு ஏறினால் அது உருகி ஆவியை வெளியே விடும். அந்த இடத்தில் வேறு எதையும் வைத்து அடைக்கவே கூடாது.

இட்லி மாவும் அப்படித்தான். குளிரில் பொங்காது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடச் சேர்த்து, கையால் நன்றாகக் கலக்கிவையுங்கள். எங்கே வைப்பது? அதற்குத்தான் அடுத்த யோசனை.

போர்வைப் பெட்டி

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் எரிபொருள் தட்டுப்பாடு. அப்போது வீட்டுப் பெண்கள் ஒரு மரப் பெட்டியில் வைக்கோலை அடைத்து, கொதிக்கிற பாத்திரத்தை அதற்குள் புதைத்து மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே மிச்ச வேக்காடு நடக்கும். வைக்கோல் நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் மலையில் வைக்கோல் ஏது? பழைய சேலைகள் இருக்கின்றனவே!

நைந்த நூல் சேலை மூன்று, நான்கு எடுத்துத் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையலாக நூலோட்டுங்கள். அப்போதுதான் சுருக்கம் விழாது. பிறகு இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாகச் சின்ன ஓட்டுத் தையல். ஓரத்துக்குச் சேலைக் கரையையே மடித்துத் தையுங்கள். வங்காளத்தில் காந்தா என்று பேர் பெற்ற போர்வை இதே வேலைதான். அங்கே சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்தே பூவும் மீனும் தைப்பார்கள். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கிற போர்வைக்குக் கவண்டி என்று பேர். ஏழை வீட்டுச் சிக்கனமாகப் பிறந்தது, இன்று ஊர் ஊராகப் போய் விலையாகிறது.

இப்படித் தைத்ததை ஒரு அட்டைப் பெட்டியிலோ மரப் பெட்டியிலோ நாலாபக்கமும் படிய வைத்துவிடுங்கள். சோறோ, ஊறவைத்த பருப்போ மூடி போட்டுப் பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை உடனே உள்ளே வைத்து, மேலேயும் இறுக மூடுங்கள். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். அரிசிக்கு ஒரு மணி நேரம், பருப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பருப்பை எடுத்ததும் மறுபடி ஒரு கொதி விட்டு, அந்த வேளையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கறி, மீனுக்கு இந்த முறை வேண்டாம்.

இதனால் காஸ் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம், அடுப்படியில் நின்று காவல் காக்கிற நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பழுது முடியும், அல்லது ஒரு முழம் பின்னல் முடியும். ராத்திரியில் அதே பெட்டியில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிறைத்த சொம்பு ஒன்றையும் வைத்து மூடுங்கள். காலையில் மாவு பொங்கியிருக்கும். கைவேலை அலங்காரத்துக்கு மட்டும் என்று யார் சொன்னது?

புகையும் பிள்ளையும்

விறகு அடுப்பு வைத்திருக்கிற வீடுகளில் எந்தப் பழுதைவிடவும் முதலில் பார்க்க வேண்டியது புகை. வீட்டுக்குள் சூழும் புகை, சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா வருகிற அபாயத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு, கைக்குழந்தையை அடுப்போரமாகக் கதகதப்புக்குப் படுக்க வைக்கிற பழக்கம் இங்கே உண்டு. குழந்தைக்குக் கதகதப்பு வேண்டும்தான். அது போர்வையிலிருந்து வரட்டும், புகையிலிருந்து வேண்டாம்.

புகைப் போக்கியில் மாதம் ஒரு முறை கரியைத் தட்டி எடுங்கள். தேயிலைக் கவாத்துக் குச்சியோ வேறு விறகோ, வைகாசிக்குள் மழை படாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். ஈர விறகுதான் பாதிப் புகைக்குக் காரணம். பிள்ளைக்கு மூச்சு வேகமாக இரைத்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு இறங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்லலாமா என்பீர்கள். டீ குடியுங்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, கீரை, பயறு, கம்பு இவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. வேலை ஓடவில்லை, கை கால் சோர்வாக இருக்கிறது என்பதற்குப் பல சமயம் சோம்பல் காரணமில்லை, ரத்தம் குறைவுதான் காரணம்.

ஊசி எடுக்கிற நேரம்

தையல் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும்; நம் மலையில் காலையில் பாட்டிலிலேயே கட்டியாகத்தான் இருக்கும். மிஷினுக்குள் உறைந்தால் பெடல் மிதிக்க முடியாது. மிஷின் எண்ணெய்தான் விட வேண்டும். பாபின் பெட்டியில் சேர்கிற பஞ்சுத் தூசியை வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டுங்கள். தோல் பெல்ட் தளர்ந்தால் கொஞ்சம் வெட்டி, கொக்கியை மறுபடி மாட்டினால் இறுகும்.

வயர் கூடையை நாம் கொஞ்ச காலம் மறந்திருந்தோம். 2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. கூடைக்கு மறுபடி மவுசு. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எந்த முடிச்சானாலும் முதலில் போவது கைப்பிடிதான். கைப்பிடி அறுந்த கூடையைத் தூக்கி எறியாமல், புது வயரை அடிப்பின்னலிலிருந்தே கோத்துக் கொண்டுவந்தால் இன்னும் பல வருஷம் வரும்.

பின்னலும் தையலும் துண்டு துண்டான நேரத்துக்குப் பொருத்தமானவை. பத்து நிமிடம் கிடைத்தாலும் நாலு முடிச்சு போடலாம். குழந்தை அழுதால் வைத்துவிட்டு எழுந்திருக்கலாம், ஒன்றும் கெடாது. மழை அடைத்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் மனசுக்கும் அது பெரிய ஆறுதல்.

எல்லோருக்கும் பங்கு உண்டு

கடைசியாக அந்த 289க்கும் 88க்கும் வருவோம். இந்தக் கணக்கை மாற்றுவதற்கு வீட்டில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆணியில் மாட்டியிருக்கிற நோட்டே பேசும். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து நடுவில் வைத்துவிட்டால் போதும். ஏணி வேலை எங்க வீட்டுக்காரருடையது. குழாய், திருகு எல்லாம் மகளுக்கு அத்துபடி. மகன் சட்டைப் பித்தான் அவனே தைக்கிறான். "ஆம்பளப் புள்ள ஊசியப் பிடிக்கலாமா?" என்று அத்தை முதலில் கேட்டார்கள். "டெய்லர் கடைல உக்காந்திருக்கிறது யாரு அத்தை?" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

பழுது பார்க்கிற நாளில் நாலு வகை சமையல் வேண்டாம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும், இல்லையென்றால் எலுமிச்சம் சாதமும் துவையலும் போதும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் திருப்புளியைக் கையில் கொடுத்துவிடுங்கள்!

இந்த வாரமே ஒரு நோட்டை ஆணியில் மாட்டுங்கள். வீட்டைச் சுற்றி வந்து, எது எது ஆடுகிறது, ஒழுகுகிறது, கிறீச்சிடுகிறது என்று எழுதுங்கள். அதில் ஆகச் சின்னதை முதலில் எடுத்துச் செய்யுங்கள்.